செவியாவில் தபாஸ், ஒயின் வழிகாட்டியாக வேலை பார்ப்பது எப்படி

விருந்தினர்களைப் பார் பாராக அழைத்துப் போய், தபாஸ் என்ற சிறு தட்டு உணவையும் ஒயினையும் அறிமுகம் செய்வதுதான் இந்த வேலை. வெளிநாட்டிலிருந்து ஸ்பெயினுக்கு வந்து இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் பேச்சைத்தான் தயார் செய்கிறார்கள். திராட்சை வகை, மண், வரலாறு எல்லாம் மனப்பாடமாக இருக்கும். ஆனால் ஒரு மாலை கெட்டுப்போவது பேச்சால் அல்ல, நேரத்தால். சமையலறை எப்போது திறக்கிறது, பார்க்காரருக்கு எப்போது மூச்சுவிட நேரம் கிடைக்கும், ஃபினோ எனப்படும் வறண்ட, அதாவது இனிப்பில்லாத, ஷெர்ரி ஒயின் பாட்டில் என்றைக்குத் திறந்தது என்ற மூன்றும் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஸ்பெயினில் பிராந்தியத்துக்குப் பிராந்தியம் சட்டமும் மாறும், சாப்பாடும் மாறும். ஆகவே இந்தக் குறிப்புகள் அந்தலூசியாவுக்கு, குறிப்பாகச் செவியாவுக்கும் ஷெர்ரி ஒயின் விளையும் ஹெரெஸ் பகுதிக்கும் உரியவை.

காகித வேலை

நியே எனப்படும் வெளிநாட்டவர் அடையாள எண் இல்லாமல் வரிப் பதிவே நடக்காது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குச் சொந்தத் தொழில் செய்ய அனுமதிக்கும் வதிவிட உரிமையும் வேண்டும். டிஜிட்டல் நோமாட் விசாவை வைத்துக்கொண்டு இதைச் செய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த விசா வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கானது. அதில் ஸ்பெயினுக்குள் செய்யும் வேலையின் பங்கு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தினமும் செவியா பார்களில் நடக்கும் தொழிலுக்கு அது பொருந்தாது.

அவுதோனோமோ, அதாவது சுயதொழில் செய்பவர் என்று பதிய, வரித்துறையில் 036 படிவம் கொடுக்க வேண்டும், சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் சுயதொழிலாளர்களுக்கான ரேத்தா பிரிவில் சேர வேண்டும். இரண்டையும் முதல் குழுவை அழைத்துச் செல்வதற்கு முன்பே முடித்துவிடுங்கள். முதல்முறை பதிபவர்களுக்கு முதல் 12 மாதங்களுக்குக் குறைந்த சலுகைச் சந்தா உண்டு. அதைப் பதியும்போதே கேட்டு வாங்க வேண்டும். பிறகு நினைவு வந்து கேட்டால் கிடைக்காது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐவிஏ எனப்படும் மதிப்புக் கூட்டு வரிக்கு 303 படிவமும் வருமான வரி முன்பணத்துக்கு 130 படிவமும் போக வேண்டும். கடைசி நாள்கள் ஏப்ரல் 20, ஜூலை 20, அக்டோபர் 20, ஜனவரி 30. இந்த வேலைகளைப் பார்த்துத் தரும் கணக்கர் ஹெஸ்தோர். அவரிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: என் மாலைக்கு வழக்கமான ஐவிஏ முறையா, பயண முகவர்களுக்கான தனி முறையா? பார்களில் நீங்கள் வாங்கிய உணவையும் ஒயினையும் உங்கள் விலைக்குள் சேர்த்து விற்கும்போது இந்தக் கேள்வி எழும். தனி முறையில், விருந்தினருக்காகப் பார்களில் கட்டிய ஐவிஏயைக் கழித்துக்கொள்ள முடியாது. வழக்கமான முறையில் கழிக்கலாம், ஆனால் கையில் இருக்க வேண்டியது சாதா ரசீது அல்ல, உங்கள் வரி எண் போட்ட ஃபக்தூரா. பார்க்காரரிடம் அதை நள்ளிரவில் கேட்டு நிற்காதீர்கள். வரி எண்ணும் முகவரியும் அச்சிட்ட சிறு அட்டையை முதல் நாளே கொடுத்து, மாதத்துக்கு ஒரே ஃபக்தூரா என்று பேசி வைத்துக்கொண்டால் இருவருக்கும் நிம்மதி.

இன்னொரு எல்லையும் உண்டு. அந்தலூசியாவில் பாரம்பரியச் சின்னங்களை விளக்கிச் சொல்வது அரசு அங்கீகாரம் பெற்ற சுற்றுலா வழிகாட்டிகளின் வேலை. தட்டில் இருப்பதைப் பற்றி எவ்வளவும் பேசுங்கள். கதீட்ரலின் கோபுரத்தைக் காட்டி வரலாறு சொல்ல ஆரம்பித்தால் அது வேறு தொழில். திரியானா சந்தையில் இந்தக் கோடு எளிதில் மறந்துபோகும், ஏனென்றால் அந்தச் சந்தை நிற்பதே சான் ஹோர்ஹே கோட்டையின் இடிபாடுகளுக்கு மேல். மீன்கடையைக் காட்டுங்கள். கோட்டைக் கதையை அங்கீகாரம் பெற்றவரிடம் விட்டுவிடுங்கள், அல்லது நீங்களே அந்த அங்கீகாரத்தைப் பெறுங்கள். பொதுப் பொறுப்புக் காப்பீடும் எடுத்துவிடுங்கள். ஈரத் தரையில் ஒருவர் வழுக்கினால் போதும், அதன் அருமை தெரியும்.

கடிகாரம்

மதிய உணவு இரண்டு மணிக்கு, இரவு உணவு ஒன்பதுக்கு. நடுவில், நான்கு மணியிலிருந்து எட்டு, எட்டரை வரை பல சமையலறைகள் மூடியிருக்கும். பார் திறந்திருக்கும், காப்பியும் பீரும் கிடைக்கும், சூடான தட்டு எதுவும் வராது. ஆறு மணிக்கே பசிக்கும் ஊர்களிலிருந்து வரும் விருந்தினர்களுக்காக ஆறரைக்கு மாலையைத் தொடங்குவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. நான்கு பார்களிலும் குளிர்ந்த சீஸும் ஆலிவும் மட்டும் சாப்பிட்டுவிட்டு அவர்கள் அதிருப்தியோடு போவார்கள். சமையலறை திறந்ததும், ஊர்க்காரர்கள் வந்து நிறைவதற்கு முன்னால் கிடைக்கும் முக்கால் மணி நேரம்தான் உங்களுடையது. எட்டரைக்கு முதல் பாரில் நின்றால் இரண்டாவது பாரும் இன்னும் காலியாக இருக்கும். பத்துக்கு மேல் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். அதுவும் பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் அங்கே நின்று விளக்கம் சொல்ல முடியாது. ஆகவே பேச்சு அதிகம் தேவைப்படும் ஒயின்களை முதல் இரண்டு பார்களில் முடித்துவிடுங்கள்.

பார்களை நெருக்கமாகத் தேர்ந்தெடுங்கள். நான்கு பார்களுக்கும் சேர்த்து நடை ஒரு கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, ஒவ்வொன்றிலும் 35 முதல் 40 நிமிடம். எட்டுப் பேருக்கு மேல் ஏற்றாதீர்கள். ஒன்பதாவது ஆள் வந்ததும் குழு இரண்டாகப் பிரிந்துவிடும், நீங்கள் சொன்னதையே இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும்.

கிழமையும் முக்கியம். ஞாயிறு இரவும் திங்களும் பல பார்களுக்கு விடுமுறை. ஞாயிறன்று படகுகள் கடலுக்குப் போகாததால் திங்களன்று சந்தையில் மீன் பகுதி வெறிச்சோடியிருக்கும், அன்று பொரித்த மீனைப் பெருமையாக அறிமுகம் செய்யாதீர்கள். ஆகஸ்டில் குடும்பம் நடத்தும் பார்கள் வாரக்கணக்கில் சாத்திவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடும். ஜூலையில் வெயில் அடிக்கடி 40 டிகிரியைத் தொடும். தொடக்கத்தை ஒன்பது மணிக்குத் தள்ளி, ஒவ்வொரு பாரிலும் முதலில் தண்ணீரைக் கேளுங்கள்.

புனித வாரத்தில் ஊர்வலங்கள் தெருக்களை மணிக்கணக்கில் அடைத்துவிடும். சியெர்ப்பெஸ் தெரு அவற்றின் முக்கியப் பாதை. அந்தப் பக்கத்தைக் கடக்காமல் போகும் மாற்றுப் பாதையை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அந்த வாரம் வேலையையே நிறுத்திவிடுங்கள். ஏப்ரல் திருவிழாவான ஃபெரியாவுக்கு அழைத்துப் போகிறேன் என்று வாக்கும் கொடுக்காதீர்கள். அங்குள்ள கூடாரங்களில் பெரும்பாலானவை தனியாருடையவை, உள்ளே தெரிந்தவர் இல்லாமல் நுழைய முடியாது.

பார்க்காரரோடு

இந்தத் தொழிலின் முதலீடு இந்த உறவுதான். ஒரு பாரை உங்கள் பாதையில் சேர்க்கும் முன் தனியாகப் பல முறை போய் நில்லுங்கள், சாப்பிடுங்கள், காசு கொடுங்கள். பிறகு நெரிசல் இல்லாத பதினோரு மணி வாக்கில் போய்ப் பேசுங்கள். எத்தனை பேர், எந்தக் கிழமை, என்ன நேரம், என்ன தட்டு, யார் பணம் கட்டுவது. இதெல்லாம் முன்னமே முடிவாகிவிட வேண்டும். தள்ளுபடி கேட்காதீர்கள். அதற்குப் பதில் கவுண்ட்டரின் ஒரு ஓரத்தைக் கேளுங்கள், அது மதிப்பு அதிகம். பரிமாறுபவர்கள் உள்ளே வெளியே போகும் திறப்பை மறிக்காமல் நிற்பது மிக முக்கியம். குழுவோடு அந்த இடத்தை அடைத்து நின்றால் அடுத்த முறை சிரித்த முகம் கிடைக்காது.

குழு வரும் நாளன்று நண்பகலில் ஒரு செய்தி அனுப்புங்கள்: எட்டுப் பேர், ஒன்பதே காலுக்கு, ஒருவருக்கு கொட்டை ஒவ்வாமை. எண்ணிக்கை மாறினால் உடனே சொல்லுங்கள். பணத்தை ஒவ்வொரு பாரிலும் நீங்களே ஒரே தொகையாகக் கட்டுங்கள். எட்டுப் பேருக்குத் தனித்தனி பில் கேட்பதை இங்கே யாரும் விரும்புவதில்லை.

அளவில் கவனம் வேண்டும். தாப்பா ஒருவருக்கான சிறு தட்டு, மெதியா ரஸியோன் அரைத் தட்டு, ரஸியோன் முழுத் தட்டு. நின்று சாப்பிடும் எட்டுப் பேருக்கு ஒரு பாரில் ஒரே உணவின் இரண்டு மெதியா ரஸியோனும் ஒரு குளிர்ந்த தட்டும் போதும். முதல் பாரில் நிறைய வரவழைத்தால் மூன்றாவது பாரில் முள்கரண்டி அசையாது. அந்த மூன்றாவது பாரில்தான் பன்றித் தாடை இறைச்சியை மெல்ல வேகவைத்த கர்ரியாதாவோ, விஸ்கிச் சாறு ஊற்றிய சொலோமியோ என்ற மென்மையான பன்றி இறைச்சியோ காத்திருக்கும். வெளி மேசைக்குச் சில இடங்களில் விலை கூடுதல், ரொட்டிக்கும் தனியாகப் போடுவார்கள். இவையெல்லாம் உங்கள் கணக்கில் ஏறியிருக்கட்டும்.

ஹமோன்

விருந்தினர்கள் மிக அதிகமாகக் கேள்வி கேட்பது இந்தப் பதப்படுத்திய பன்றித் தொடையைப் பற்றித்தான், மிக அதிகமாகப் பொய் சொல்லப்படுவதும் இதைப் பற்றித்தான். தொங்கும் காலின் குளம்புப் பக்கத்தில் பிளாஸ்டிக் பட்டையைப் பாருங்கள். 2014ஆம் ஆண்டு ஆணையின்படி இபேரிகோ என்ற பன்றி இனத்தின் ஹமோனுக்கு நான்கு நிறம். கறுப்பு என்றால் நூறு சதவீத இபேரிகோ இனம், மேய்ச்சல் காட்டில் ஓக் கொட்டை தின்று கொழுத்தது. சிவப்பும் ஓக் கொட்டை தின்றதுதான், ஆனால் கலப்பினம். பச்சை, திறந்தவெளியில் தீவனமும் புல்லும். வெள்ளை, பண்ணைத் தீவனம். பாத்தா நேக்ரா, அதாவது கறுப்புக் கால், என்ற பெயரைச் சட்டப்படி கறுப்புப் பட்டைக்கு மட்டுமே போடலாம். குளம்பின் நிறத்தை வைத்து முடிவுக்கு வரக் கூடாது, மற்றப் பட்டைகள் உள்ள கால்களிலும் கறுப்புக் குளம்பு இருக்கும். பாலெத்தா என்றால் முன்னங்கால். விலை குறைவு, எலும்பு அதிகம். அதை ஹமோன் என்று சொல்லி நீட்டும் இடத்துக்கு மறுபடி போகாதீர்கள்.

தட்டு வந்ததும் உடனே எடுக்க விடாதீர்கள். கொழுப்பு கண்ணாடி போலப் பளபளக்க வேண்டும். மங்கி, மெழுகு போல வெளுத்திருந்தால் குளிர்பதனப் பெட்டியிலிருந்து நேரே வந்திருக்கிறது. பத்து நிமிடம் விட்டால் அறை வெப்பத்தில் தெளியும். சதையில் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்துவிட்டுப் பூஞ்சை என்று யாராவது தள்ளி வைப்பார்கள். அது டைரோசின் என்ற அமினோ அமிலம் நீண்ட பதப்படுத்தலில் படிகமானது, தாராளமாகச் சாப்பிடலாம்.

சாப்பிடாதவை

முன்பதிவின்போதே எழுத்தில் கேளுங்கள். ஒவ்வாமையையும் விருப்பத்தையும் தனித்தனியாக. ஐரோப்பியச் சட்டப்படி 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிய தகவலை உணவகம் தந்தாக வேண்டும், ஆகவே கேட்கத் தயங்க வேண்டாம். இறைச்சி சாப்பிடாதவருக்கு «கார்னே இல்லாமல்», அதாவது இறைச்சி இல்லாமல், என்று மட்டும் சொன்னால் சூரை மீனோ ஹமோன் துண்டோ தட்டில் வந்து நிற்கும், ஏனென்றால் அந்தச் சொல்லைப் பலர் பெரிய இறைச்சித் துண்டு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். இறைச்சி வேண்டாம், ஹமோன் வேண்டாம், மீன் வேண்டாம், அவற்றின் சாறும் வேண்டாம் என்று நான்கையும் சொல்லுங்கள்.

செவியாவில் சைவருக்குக் கைகொடுப்பது சீரகமும் பூண்டும் போட்ட கொண்டைக்கடலைக் கீரை, எஸ்பினாகாஸ் கொன் கர்பன்சோஸ். சல்மோரெஹோ என்ற தக்காளி, ரொட்டிக் குளிர்க்கூழ் அடிப்படையில் சைவம்தான், ஆனால் மேலே முட்டையும் ஹமோனும் தூவித்தான் வரும். தூவாமல் தரச் சொல்ல வேண்டும். கத்தரிக்காய் வறுவல் அருமையானது, அது இறால் பொரித்த எண்ணெயிலேயே பொரிபட்டதா என்று கேளுங்கள். மான்செகோ சீஸ் பெரும்பாலும் விலங்கின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட்டால் உறையவைத்தது. கண்டிப்பான சைவருக்கு அதைச் சொல்லிவிடுவது உங்கள் கடமை.

ஷெர்ரி

ஸ்பெயினில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒன்றை இந்தப் பகுதி வைத்திருக்கிறது. அதனால் மாலையின் நடுநாயகமாக வட ஸ்பெயினின் ரியோஹா ஒயினை வைக்காதீர்கள். விருந்தினர்கள் அதை ஊரிலேயே குடித்திருப்பார்கள். ஷெர்ரி என்றாலே பாட்டி வீட்டு இனிப்பு ஒயின் என்ற நினைப்போடுதான் வருவார்கள். அவர்கள் முன் வறண்ட, உப்பு வாடையுள்ள மன்சனீயாவை ஒரு தட்டு ஆலிவோடு வைத்தாலே அந்த நினைப்பு கலையும்.

விளக்கத்துக்கு அடித்தளம் ஒரு படலம். பலோமினோ திராட்சை ஒயினை 15 டிகிரி, அதாவது 15 சதவீதச் சாராயத்துக்கு உயர்த்திப் பீப்பாயில் ஊற்றும்போது நிறைய ஊற்றுவதில்லை. 600 லிட்டர் பீப்பாயில் 500 லிட்டர்தான், மேலே காற்றுக்கு இடம் விடுவார்கள். அந்தப் பரப்பில் ஈஸ்ட் வெண்மையான ஆடையாகப் படரும், பெயர் ஃப்ளோர். அது ஒயினைக் காற்றிலிருந்து காக்கும், கிளிசரினைத் தின்று ஒயினை எலும்பு போல வறட்சியாக்கும், பச்சை வாதுமை மணத்தைக் கொடுக்கும். அதுதான் ஃபினோ. அதே முறையில் சன்லூக்கர் நகரின் கடல் ஈரத்தில் வளர்ந்தது மன்சனீயா. 17 டிகிரிக்கு உயர்த்தினால் ஃப்ளோர் வாழாது. ஒயின் காற்றோடு நேரடியாக உறவாடிக் கறுத்து, அக்ரூட் மணத்தோடு ஒலோரோசோ ஆகும். ஃப்ளோரின் கீழ் தொடங்கி, பிறகு அது இல்லாமல் முதிர்ந்தது அமொந்தியாதோ. இதைச் சொல்ல மூன்று நிமிடம் போதும். பீப்பாய்களை வரிசை வரிசையாக அடுக்கி ஒயினை முதிரவைக்கும் சொலேரா அடுக்குமுறையைப் பாரில் நின்று வரைபடம் போட்டு விளக்காதீர்கள், அதற்கு இடம் ஹெரெஸின் ஒயின் கிடங்கு.

ஊற்றும் அளவு தலைக்கு 60 மில்லி. ஒரு 75 சென்டிலிட்டர் பாட்டிலில் பன்னிரண்டு பேருக்குச் சற்றுக் கூடவே வரும். நான்கு பாருக்கு நான்கு ஊற்றல் என்றால் மொத்தம் 240 மில்லி, சாராயக் கணக்கில் சாதாரண ஒயின் இரண்டரைக் கிளாசுக்குச் சமம். சாப்பாட்டோடு மூன்று மணி நேரத்தில் பெரும்பாலானவர்களுக்கு அது தாங்கும் அளவு. இதற்கு மேல் கூட்டினால் கடைசிப் பாரில் நீங்கள் சொல்வது யார் காதிலும் ஏறாது. கோபீத்தா என்ற சின்னக் கிளாஸ் படத்துக்கு அழகு, மணத்துக்குக் குறுகல். வெள்ளை ஒயின் கிளாசைக் கேளுங்கள், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

வெப்பநிலை: ஃபினோவும் மன்சனீயாவும் 7, 8 டிகிரி. பாட்டிலைப் பனிக்கட்டி போட்ட வாளியிலேயே வைக்கச் சொல்லுங்கள். அமொந்தியாதோவும் ஒலோரோசோவும் 12 முதல் 14 டிகிரி. இவற்றைப் பீர் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தால் மரமும் கசப்பும்தான் தெரியும், உள்ளங்கையில் கிளாசை ஏந்திச் சூடாக்கச் சொல்லுங்கள்.

அடிக்கடி வரும் சிக்கல் பழைய ஃபினோ. திறந்த பாட்டில் குளிர்பெட்டியில் ஒரு வாரம்வரை தாங்கும். அலமாரியில் நின்று மூன்று வாரமானது வைக்கோல் நிறத்திலிருந்து தேன் நிறத்துக்கு மாறி, நசுங்கிய ஆப்பிள் மணம் அடிக்கும். அதைக் குடித்துவிட்டு ஃபினோ பிடிக்காது என்று முடிவு கட்டிவிடுவார்கள், அதைப் பிறகு மாற்ற முடியாது. ஆகவே அதிகம் விற்கும் பாரையே தேர்ந்தெடுங்கள், அல்லது புதிய பாட்டிலைத் திறப்பதற்கான பணத்தை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். எட்டுப் பேருக்கு ஊற்றினால் ஒரு பாட்டிலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும், மிச்சம் பார்க்காரருக்கு.

எந்த உணவுக்கு எந்த ஒயின் என்பதற்கு உள்ளூரில் சொல்வதுண்டு: நீந்தும் உயிருக்கு ஃபினோ, பறக்கும் உயிருக்கு அமொந்தியாதோ, ஓடும் உயிருக்கு ஒலோரோசோ. நல்ல வழிகாட்டி. சைவத் தட்டு அதில் விட்டுப்போகிறது. அஸ்பாரகஸ், ஆர்ட்டிச்சோக், வினிகர் போட்ட காய் ஆகியவை மற்ற ஒயின்களைக் கெடுத்துவிடும், ஃபினோவை ஒன்றும் செய்யாது. கொண்டைக்கடலைக் கீரைக்கு அமொந்தியாதோ. முடிவில் பெத்ரோ ஹிமேனெஸ் என்ற கறுத்த இனிப்பு ஒயினை வெண்ணிலா ஐஸ்கிரீம் மேல் 20 மில்லி ஊற்றித் தாருங்கள். தனியாகக் குடிக்க ஒரு கிளாஸ் முழுக்க யாராலும் முடியாது.

ஹெரெஸுக்குப் போகும் நாள்

செவியாவின் சாந்தா ஹுஸ்தா நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கார் வேண்டாம். ஸ்பெயினில் ஓட்டுநருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பு இருக்கிறது, ஒயின் ருசிக்கப் போகும் நாளில் அதோடு விளையாட வேண்டியதில்லை. சன்லூக்கருக்கு ரயில் கிடையாது, பேருந்தோ வாடகைக் காரோதான்.

ஒரு நாளைக்கு ஒரு கிடங்கு போதும். காலை பதினொன்றுக்கு முன்பதிவு செய்யுங்கள். வாசனைத் திரவியம் போட வேண்டாம் என்று முந்தின இரவே செய்தி அனுப்புங்கள். தரை ஆல்பெரோ என்ற மஞ்சள் மணல், கோடையில் ஈரப்பதம் குறையாமலிருக்கத் தண்ணீர் தெளிப்பார்கள். மெல்லிய செருப்பு வழுக்கும். மேலே எஸ்பார்த்தோ புல் பாய்கள் ஜன்னலை மூடியிருக்கும், வெளியே 38 டிகிரி என்றால் உள்ளே சட்டென்று குளிரும். பீப்பாய் முகப்பில் சுண்ணக்கட்டிக் கோடுகளைக் காட்டுங்கள். கிடங்குத் தலைவர் ருசித்துவிட்டு இது எந்த வழியில் போகும் என்று போட்ட குறி அது. அடுக்கின் அடிவரிசையான சொலேராவிலிருந்து ஒயினை எடுத்துவிட்டு மேல்வரிசையிலிருந்து அதை நிரப்பும் முறையை இங்கேதான் விளக்க வேண்டும், கையால் மேல்வரிசையைக் காட்டினாலே புரியும். கிடங்கின் ஆள் பேசும்போது நீங்கள் மொழிபெயர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது அவர் வீடு.

மதியம் தபான்கோ என்ற பழைய ஒயின் கடையில் சாப்பாடு. பீப்பாயிலிருந்து நேராக ஊற்றுவார்கள். இரண்டு மணிக்குப் பிறகு நிற்க இடம் இருக்காது, ஒன்றரைக்கே போய்விடுங்கள்.

உங்கள் உடம்பு

வாரத்தில் ஐந்து மாலை என்றால் ஐந்து மாலையும் நீங்கள் குடிக்கக் கூடாது. பாட்டில் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மூக்கு போதும். சந்தேகம் வந்தால் ஒரு சிறு வாய், பிறகு துப்பிவிடுங்கள். கிளாசில் தண்ணீர் வைத்துக்கொண்டால் யாரும் கேட்க மாட்டார்கள். கிளம்புவதற்கு முன் ஏழு மணிக்கு வீட்டில் சாப்பிட்டுவிடுங்கள். விருந்தினர் தட்டிலிருந்து கொறித்துக்கொண்டே நள்ளிரவுவரை நின்றால் வயிறும் கெடும், பேச்சும் கெடும். வீடு திரும்பியதும் தூங்கப் போகும் முன் மூன்று வரி எழுதி வையுங்கள்: எந்த பாரில் தாமதம், எந்தப் பாட்டில் சோர்ந்திருந்தது, எந்தத் தட்டு மிஞ்சியது. அடுத்த நாள் நண்பகலில் பார்க்காரருக்கு அனுப்பும் செய்தியில் அதைச் சேர்த்துவிடுங்கள்.